காலடி மண்

604-ஆம் நாள்

காலையில் அழுக்குத் தொட்டி மீட்டர் 62 காட்டியது. நேற்றுவரை ஐந்தைத் தாண்டியதில்லை. மீட்டர்தான் செத்துப்போச்சு என்று ஒரு தட்டு தட்டினேன். 62. இன்னொரு மீட்டரை எடுத்துவந்து பார்த்தேன். 61. பகீரென்றது.

நிலைய ஏட்டில் எண்ணை எழுதிவிட்டேன். 'பகீரென்றது' என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அதனால்தான் இந்த நோட்டு.

யார் கையில் கிடைத்தாலும் புரியட்டும். நான் ஆவுடையப்பன், வயது 48. தூத்துக்குடிப் பக்கம் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இருபது வருடம் இருந்தவன். இப்போது செவ்வாயில், பத்தடி மண்ணுக்கு அடியில் புதைந்து வாழும் பன்னிரண்டு பேருக்கு நான்தான் தண்ணீர்க்காரன். குளித்தது, கழுவியது, கழிப்பறைக்குப் போனது எல்லாம் என் தொட்டிக்கு வரும். வடிகட்டி மறுபடி அவர்களுக்கே கொடுப்பேன். நேற்றைய மூத்திரம் இன்றைய காபி. முகம் சுளிக்கிறவர்கள் இங்கே வரக்கூடாது.

இந்த மண்ணில் ஓர் உப்பு இருக்கிறது. டாக்டர் அதை பெர்குளோரேட் என்பார். நாங்கள் மண்ணுப்பு என்போம். உடம்புக்குள் போனால் தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பியை அயோடின் எடுக்கவிடாது. பெரியவர்களுக்குச் சோர்வு, வீக்கம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மூளையே சரியாக வளராது என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். இங்கே பிள்ளை பெறக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எல்லாரும் ஏறினோம், ஆகவே அந்தக் கவலை இல்லை.

குடிதண்ணீரில் மண்ணுப்பு 15 வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் நிலையத்தை மூடவேண்டும். இன்றைக்குக் குடிதண்ணீர் 3. வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. எத்தனை நாளைக்குப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி.

607-ஆம் நாள்

110.

எங்கிருந்து வருகிறது? வெளியே போய் வருகிறவர்களின் உடையை வாசலில் மூன்று தடவை தூசி உறிஞ்சி, துடைத்து, அதன் பிறகே உள்ளே விடுகிறோம். வாசல் ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. காற்று வடிகட்டியைக் கழற்றி உதறினேன். சுத்தம். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

இசக்கிக்கு உடம்பு சரியில்லை. இசக்கி என் மனைவி, நிலையத்தின் சமையல் அவள் பொறுப்பு. இங்கே காற்றழுத்தம் குறைவு, குக்கர் இல்லாவிட்டால் பருப்பு ஏழு ஜென்மத்துக்கும் வேகாது. குக்கர் திறந்ததும் வரும் வாசனை ஆகவில்லை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்துவிட்டாள். வாயுத் தொல்லையாக இருக்கும். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் என்ன செவ்வாய்க்கிழமை என்ற பகடியை முதல் மாதமே பன்னிரண்டு பேரும் சொல்லித் தீர்த்தாயிற்று. ஆனால் இசக்கி கிழமை மறக்கமாட்டாள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கண்ணேறு கழிக்கவேண்டும் அவளுக்கு. காலடி மண், உப்பு, மிளகாய் மூன்றையும் சுற்றி நெருப்பில் போடுவது ஊர் வழக்கம். இங்கே நெருப்பு மூட்டினால் நாங்களும் சேர்ந்தே சாம்பல். அதனால் சுற்றி முடித்துக் குப்பைப் பெட்டியில் போட்டுவிடுவாள். பெட்டி அப்படியே வெளியே போய்விடும்.

மண் கொண்டுவருவது நான். வெளியே குழாய் பார்க்கப் போகும்போது காலடியில் கொஞ்சம் அள்ளி, கருவிப் பைக்குள் ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் கொண்டுவருவேன். விதிப்படி தப்புதான். ஆனால் பதினாறு வருடம் ஊரெல்லாம், 'விசேஷம் ஒண்ணும் இல்லையா' என்று கேட்டுக் கேட்டுக் கண் போட்டதில் நொந்தவள் அவள். ஒரு டப்பா மண்ணால் மனசு ஆறுமென்றால் ஆறட்டுமே. பெட்டிக்குப் போகும் மண் தொட்டிக்கு வரப்போவதில்லை.

"சிட்டிகையில என்ன ஆவுங்க? டப்பா நெறயக் கொண்டாங்க" என்றாள் இன்று. கொண்டுவந்தேன்.

611-ஆம் நாள்

140. குடிதண்ணீர் 6.

613-ஆம் நாள்

பிடித்துவிட்டேன்!

தோட்டக்காரன் சங்கரலிங்கம்தான். பயிர்களை மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்ப்பது அவனுக்குப் பிடிக்காது, 'வேருக்கு மண்ணு வேணும் வே' என்று வந்த நாள் முதல் புலம்புகிறவன். முருங்கைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு தட்டு, மேலே சாக்கு. சாக்கை இழுத்தேன். உள்ளே சிவப்பு மண்! அதில் இரண்டு வெந்தயக் கீரை முளைத்து நின்றது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஓய், என்ன வே இது?"

"சும்மா ஒரு சோதன. கழுவித்தான் வச்சிருக்கேன்."

"கழுவின தண்ணிய எங்க ஊத்தினீரு?"

அவன் கண் வடிகால் பக்கம் போயிற்று.

"பன்னெண்டு பேரு குடிக்கிற தண்ணில வெஷத்தக் கலந்துட்டு நிக்கீரே, நீரெல்லாம் மனுசனா?"

"ஒரு தடவதான் வே ஊத்தினேன்! ஒரே தட்டு!"

நான் கத்திய கத்தில் நிலையத் தலைவர் நூர்தீன் காக்கா ஓடிவந்தார். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். குரல் உயர்த்தாதவர். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

616-ஆம் நாள்

கீழே பூமியிலிருந்து கம்பெனியின் உத்தரவு வந்தது. சங்கரலிங்கம் விதியை மீறிவிட்டான், 640-ஆம் நாள் கிளம்பும் கப்பலில் அவனைத் திருப்பி அனுப்பவேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து.

இத்தனை தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. போன மாதம்தான் இன்னும் ஒரு தவணை இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து எல்லாருக்கும் அல்வா கிண்டச் சொன்னான். ஊரில் அவனுக்கு யாருமில்லை. மனைவி போய்விட்டாள், மகன் பேசுவதில்லை. ஆனால் தப்பு தப்புதானே? நான் பொய் சொல்லவில்லையே?

இசக்கியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கை நின்றது. "அனுப்பியே தீரணுமா?" என்றாள். விதி என்றால் விதிதான் என்றேன். அப்புறம் அவள் சாப்பிடவே இல்லை.

624-ஆம் நாள்

180.

தட்டைத் தூக்கிப் போட்டுப் பதினோரு நாள் ஆயிற்று. இறங்கவேண்டிய எண் ஏறுகிறது. பழைய உப்பு குழாயில் ஒட்டியிருந்து கரையும் என்று காக்காவிடம் சொன்னேன். தலையாட்டினார். இருபது வருடத் தண்ணீர்க்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

குழாயில் உப்பு ஒட்டாது. அது எனக்குத் தெரியும்.

இசக்கிக்கு மூன்று டப்பா கொண்டுவந்து கொடுத்தேன் இந்த வாரம். முகம் ஊதினாற்போல் இருக்கிறது. இங்கே எல்லாருக்கும் முகம் ஊதும், பாரம் குறைவு, ரத்தம் மேலே ஏறும். அதுதான்.

629-ஆம் நாள்

இன்று யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு கழிப்பறைக் குழாயையும் தனித்தனியே திறந்து சோதித்தேன். மொத்தம் நான்கு வரிசை. முதல் வரிசை 4. இரண்டாவது 3. நான்காவது, தோட்டத்துப் பக்கம், சங்கரலிங்கம் இருப்பது, 4.

மூன்றாவது வரிசையில் மீட்டர் ஓடி நின்ற இடத்தை நான் நம்பவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம்.

மூன்றாவது வரிசையில் ஓர் அறைதான் இருக்கிறது. அது எங்கள் அறை.

குழாய்ச் சாவி என் கையிலிருந்து விழுந்தது. இங்கே எதுவும் நிதானமாகத்தான் விழும். அது தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் என் மூத்திரத்தைத்தான் சோதித்தேன். நான் 3.

630-ஆம் நாள்

நேற்று கேட்கத் துணியவில்லை. இன்று சாப்பாட்டு வேலை முடிந்து அவள் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"இசக்கி, நீ என்ன திங்க?"

"எல்லாரும் திங்கிறதத்தான். ஏன்?"

அலமாரியைத் திறந்து டப்பாக்களை எடுத்தேன். ஒன்றிலும் ஒரு பொட்டு மண் இல்லை. மாவு டப்பாவை விரலால் வழித்ததுபோல் உட்புறம் சுத்தமாக இருந்தது. குப்பைப் பெட்டிக்கு அவள் எதையும் போடவே இல்லை.

"இத எங்க போட்ட?"

முதலில் பெட்டியில் என்றாள். பிறகு தண்ணீரில் என்றாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நாக்கு கேக்கலீங்க. புதுச் செவத்துல தண்ணி தெளிச்ச வாசன வருது அதுல. வேண்டாம் வேண்டாம்னுதான் நெனைக்கேன், கை தன்னால போவுது."

"வெஷம்னு தெரியாதா ஒனக்கு? என்னமோ மாசமா இருக்கவ மாதிரி மண்ணத் திங்கியே, அறிவு இருக்கா?"

கோபத்தில் வாயில் வந்தது அது. வசவுக்குச் சொன்னேன். அவள் பதில் சொல்வாள், சண்டை போடுவாள் என்று நின்றேன். அவள் கையை முகத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தன நாளா?" என்று கேட்டது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"நின்னு போச்சுன்னுதாங்க நெனச்சேன். நாப்பத்திரண்டு வயசு, நிக்கிற வயசுதானேன்னு இருந்துட்டேன். போன வாரம் உள்ள அசஞ்சுது. மீன் துள்ளுன மாதிரி. அஞ்சு மாசம் நெருங்குதுங்க."

பதினாறு வருடம். மூன்று ஊர், ஐந்து ஆஸ்பத்திரி. 'இனி வாய்ப்பே இல்லை' என்று கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்ததால்தான் எங்களைத் தம்பதியாக இங்கே எடுத்தார்கள். அந்தப் பேச்சையே எங்கள் வீட்டில் நாங்கள் நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. சந்தோஷப்படவேண்டும் நான். டப்பாக்களை எண்ணினேன். என் கையாலேயே அள்ளி, என் பையிலேயே ஒளித்து, ஐயோ, நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

631-ஆம் நாள்

டாக்டர் பியூலாவிடம் போகலாம் என்றேன். நாகர்கோவில் பெண், நல்ல கை, எங்கள் எல்லார் மேலும் பிரியம். இசக்கி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க எழுதுற ஒவ்வொரு வரியும் கீழ போவுது. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? மாசமானா அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிருவோம்னுதான? சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டோமே, ஞாபகம் இருக்கா? கப்பலு மேல கெளம்புற அந்த ஒதறல்ல இது தங்குமா? தங்கினாலும் ஏழு மாசம் அந்தரத்துல மெதந்துக்கிட்டு எங்கன பெத்துப் போடுவேன்?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"ஒம்பது நாளு. கப்பல் போவட்டும். மறுநாளே நானே போயிச் சொல்லுதேன். இனி மண்ணத் தொடமாட்டேன், சத்தியம்."

"சங்கரலிங்கம்?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவரு ஊருக்குத்தானே போறாரு. கொல்லவா கொண்டு போறாங்க?"

நான் விளக்கை அணைத்தேன்.

633-ஆம் நாள்

எங்கள் அறைக் குழாயைத் தொட்டியிலிருந்து பிரித்து ஒரு பழைய பீப்பாய்க்கு மாற்றிவிட்டேன். வால்வு பழுது என்று ஏட்டில் எழுதினேன். இருபது வருடத்தில் ஏட்டில் நான் எழுதிய முதல் பொய். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

இசக்கி புளியை உருட்டி வாயில் அடக்கிக்கொள்கிறாள். மண் நினைப்பு வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நகம் பதிகிறது.

636-ஆம் நாள்

தொட்டி 31. குடிதண்ணீர் 5. எல்லாரும் கைதட்டினார்கள். காக்கா என் முதுகில் தட்டி, "தோட்டத்தத் தொறந்து பாத்து நீ கண்டுபிடிக்கலன்னா நாம முடிஞ்சிருப்போம் ஆவுடை" என்றார்.

சாப்பாட்டு மேசையில் சங்கரலிங்கம் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

638-ஆம் நாள்

சாயங்காலம் சங்கரலிங்கம் என் பம்பு அறைக்கு வந்தான். ஏசத்தான் வருகிறான் என்று எழுந்து நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மீட்டரு எறங்கிட்டாமே வே?"

"ஆமா."

"எவ்வளவு?"

"இன்னிக்கு 12."

பம்பின் மேல் கையை வைத்தான். ஆள் இளைத்திருந்தான்.

"அப்ப நான்தான்போல. ஒரு தட்டுத் தண்ணில இவ்வளவு வராது, இவன் வேணுமின்னே ஏம் மேல பழி போடுதான்னு மனசுக்குள்ள உம்ம வஞ்சுக்கிட்டே திரிஞ்சேன். மன்னிச்சிரும். மூட்டையக் கட்டச் சொன்ன பெறவு, அந்தத் தட்ட எடுத்த பெறவுதான எறங்குது. பன்னெண்டு பேருக்கு நஞ்சு வச்சுட்டேனே வே. ஒரு கீரைக்கு ஆசப்பட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். இங்கே கண்ணீர் சட்டென்று வழியாது, கண்ணிலேயே கொஞ்ச நேரம் திரண்டு நிற்கும், துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். ஒற்றி எடுத்தான்.

சொல்லிவிடு சொல்லிவிடு என்று எனக்குள் ஒருவன் அடித்துக்கொண்டான். நான் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். முருங்கைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்று எழுதிய தாளை மேசையில் விட்டுப்போயிருந்தான்.

அறைக்கு வந்து இசக்கியிடம் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

640-ஆம் நாள்

கப்பல் போய்விட்டது. தரை அதிர்ந்தது, அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. இசக்கி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

641-ஆம் நாள்

காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் டாக்டர் பியூலா முன்னால் போய் நின்றோம். இசக்கி சொன்னாள். மண்ணையும் சொன்னாள். மீதியை நான் சொன்னேன். டப்பா, பீப்பாய், வால்வுப் பொய், எல்லாம்.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் இசக்கியைப் படுக்கவைத்துக் கருவியை வயிற்றில் வைத்தார். திரையில் ஒன்று துடித்தது. பதினாறு வருடம் எத்தனையோ திரைகளை வெறுமையாகப் பார்த்த கண்ணுக்கு அது என்னவென்று புரியவே நேரம் பிடித்தது. தலை, முதுகு, மடக்கிய கால். அது ஒரு கையைத் தூக்கியது.

துடைத்துவிட்டு, அயோடின் மருந்தை அவரே ஊற்றி இசக்கியைக் குடிக்கவைத்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"கப்பல்ல ஏத்திருவீங்கன்னு..."

"யாரு ஏத்துவா?" அவர் குரல் கிறீச்சிட்டது. "அஞ்சு மாசத்துக்காரிய எந்த டாக்டர் ராக்கெட்ல ஏத்துவா? அந்த விதிய ஆபீஸ்ல உக்காந்து எவனோ எழுதினான். ஏத்தலாம்னு சான்று குடுக்கறது நான்தான். நான் கையெழுத்துப் போடாம ஒரு ஆள் அந்தப் படியில கால் வைக்க முடியாது. போட்டிருக்கவே மாட்டேனே! ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அப்பவே மருந்து ஆரம்பிச்சிருப்பேனே. பிள்ளைக்கு மூளை வளர்ற நாளு அண்ணாச்சி அது. போன நாள எங்கேருந்து கொண்டு வருவேன்?"

தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. யாருக்குப் பயந்து மறைத்தோமோ, அவரேதான் காப்பாற்றக்கூடியவராக இருந்திருக்கிறார். ஒன்பது நாள் வாயை மூடினது எதற்காக? சங்கரலிங்கத்தை அனுப்பியது எதற்காக?

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல டாக்டர்?" என்றாள் இசக்கி.

"தெரியலக்கா. பொறந்து பாத்தாத்தான் தெரியும். இங்க வளர்ற எலும்பு ஊர்ப் பாரத்தத் தாங்குமான்னும் தெரியல. ஊருக்கு வரவே முடியாமக்கூடப் போகலாம்."

"வராட்டிப் போவுது" என்றாள் இசக்கி. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

642-ஆம் நாள்

காக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை. முடிந்ததும் ஏட்டை எடுத்து நான் எழுதிய 'வால்வு பழுது' வரியை அடித்தார்.

"பன்னெண்டு பேரு உசிர உன் மீட்டர நம்பி வச்சிருந்தோம் ஆவுடை" என்றார். அவ்வளவுதான். அறைந்திருக்கலாம். இனி ஏடு என் கையில் இல்லை. குழாய் கழுவுவது மட்டும் என் வேலை. சரிதான்.

"சங்கரலிங்கத்துக்கிட்ட யாரு சொல்லுறது?" என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. நாங்க எல்லாரும் கேக்கணும்."

644-ஆம் நாள்

சாப்பாட்டு அறையில் மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்க, கப்பலைக் கூப்பிட்டார்கள். கப்பல் ஏற்கெனவே வெகுதூரம். நாம் பேசி பதில் வர ஏழு நொடி ஆகும் என்றார் காக்கா. இசக்கி என் அருகில் நின்றாள். போ என்று சொல்லியும் போகவில்லை.

சொன்னேன். மண் தட்டால் வந்த உப்பு இல்லை வே, உம்ம ஒரு தட்டுத் தண்ணி தொட்டியில தெரியக்கூட இல்ல, அது எங்க அறையிலிருந்து வந்தது, ஒம்பது நாளு தெரிஞ்சும் மறச்சேன், உம்ம கையில காபியக் குடுத்து அனுப்பினேன், என்றேன்.

ஏழு நொடி போயிற்று. இன்னும் ஏழு. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை. அவன் மூச்சு கேட்டது.

"எத்தன மாசம்?" என்றான்.

"அஞ்சு."

மறுபடி மூச்சு.

"மீட்டரு எறங்குன நாள்லேருந்து நான் உறங்கல. கண்ண மூடினா பன்னெண்டு பேரும் வாயில நொர தள்ளிக் கெடக்கது மாதிரி வருது. நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன்னு..." நிறுத்தினான். மறுபடி பேசியபோது 'வே'யும் இல்லை, 'நீரு'ம் இல்லை.

"ஏல ஆவுடையப்பா. ஏழு மாசம் இந்தத் தகர டப்பாவுக்குள்ள நான் கெடக்கணும். எறங்குன பெறவு யாரு இருக்கா எனக்கு அங்க? கேக்கியால? தெனமும் காலைல கூப்புடுவேன். தெனமும் உன்ன ஏசுவேன். வாயில வாரதெல்லாம் ஏசுவேன். நீ எடுக்கணும். ஒருநா எடுக்காம இருந்து பாரு."

"எடுப்பேன்" என்றேன்.

ஏழு நொடி கழித்து, "வைல" என்றான்.

650-ஆம் நாள்

இன்று என் அப்பனையும் சேர்த்து ஏசினான். பதினேழு நொடி இடைவெளி. எடுத்தேன்.

655-ஆம் நாள்

இசக்கிக்கு மருந்து தினம் இரண்டு வேளை. முகத்து வீக்கம் வடிகிறது. டாக்டர் நிழல் மாதிரி அவளோடு திரிகிறார். யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் சாப்பிடும்போது ஆளுக்கொரு கரண்டிக் கீரையை இசக்கி தட்டில் தள்ளிவிடுகிறார்கள். முருங்கைக்குத் தாளில் எழுதியபடி தண்ணீர் விடுகிறேன். என் தட்டில் யாரும் எதுவும் தள்ளுவதில்லை. வேண்டவும் வேண்டாம்.

664-ஆம் நாள்

இன்று திரையில் பார்த்தோம். பெண்ணா ஆணா என்று கேட்கவில்லை. தலையின் சுற்றளவை டாக்டர் மூன்று தடவை அளந்தார். நாள் கணக்குக்குக் கொஞ்சம் சின்னது என்றார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இருக்கலாம் என்றார். இசக்கி என் கையை விடவில்லை.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. ஓடிப் போய் எடுத்தேன். திருட்டுப் பயலே என்று ஆரம்பித்தான். பொண்டாட்டிக்குக் காவல் இருக்கத் தெரியாதவன், மீட்டரை நம்பி மனுஷனை நம்பாதவன், என் முருங்கையை வாடவிட்டால் அங்கே வந்து கொல்வேன் என்று ஒரு பாட்டம் ஏசினான். எல்லாம் உண்மை. சரி சரி என்றேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "தலை எவ்வளவு இருக்காம்?" என்று கேட்டான்.

டாக்டர் சொன்னதை மாற்றாமல் அப்படியே சொன்னேன். சின்னதாகத்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

இப்போதெல்லாம் என் வார்த்தை அவனைச் சேர்ந்து அவன் வார்த்தை என்னைச் சேர நாற்பத்திரண்டு நொடி ஆகிறது. கையைக் கட்டிக்கொண்டு, அவன் ஏச்சு வருவதற்காக நின்றேன்.